பிடித்தால் நெகிழும், விட்டால் இறுகும்: கேமராத் தலையின் வரலாறு

கேமராவைத் தாங்கும் ட்ரைபாடின் கால்களுக்கு நிற்பது ஒன்றே வேலை. அவை கூடும் உச்சியில் திருகிப் பொருத்தப்படும் ‘ஹெட்’ என்னும் தலைப்பகுதிக்கோ, கேமராவை நினைத்த பக்கம் திரும்ப விடுவதும் திரும்பிய நிலையில் அசையவிடாமல் பிடிப்பதும் என ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு வேலைகள் உண்டு. கைத்துப்பாக்கியின் பிடி போன்ற வடிவமும் விரல்களால் அழுத்தும் நெம்புகோலும் கொண்ட ‘பிஸ்டல் கிரிப்’ தலை, இந்த இரண்டையும் ஒரே கையின் ஒரே அசைவில் அடக்க முயன்ற கருவியாகும். இன்று அதைத் தேர்ந்தெடுப்பவர் எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார் என்பது, அதற்கு முன் இருந்த தலைகளிடம் புகைப்படக்காரர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதோடு பிணைந்திருக்கிறது.

1839இல் லூயி டகேர் தமது முறையை வெளியிட்டபோது ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. பின்னர் அது நொடிக்கணக்குக்கு இறங்கிய பிறகும், ஸ்டூடியோவில் அமர்ந்தவரின் பின்னந்தலையை ஓர் இரும்புக் கவை மறைவாகப் பிடித்திருந்தது. அசையாதிருப்பது கேமராவுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் நிபந்தனையாக இருந்த அக்காலத்தில், தாங்கியின் மேற்புறம் பெரும்பாலும் ஒரு தட்டாகவும் அதன் நடுவே ஒரு திருகாகவும் மட்டுமே இருந்தது. காட்சியை மாற்ற விரும்பியவர் தாங்கியையே தூக்கி வைத்தார். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் படமாக்கி, 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக்கியது இம்முறையின் உச்சம் எனலாம். ஓரிடத்தில் நின்று கேமராவை மட்டும் திருப்பியிருந்தால் ஓரத்து எழுத்துகள் குறுகிச் சாய்ந்து, படிக்க உதவாமல் போயிருக்கும்; சுவருக்கு இணையாகத் தாங்கியை நகர்த்தி, தூரமும் உயரமும் மட்டமும் ஒவ்வொரு முறையும் ஒத்துவரச் செய்வதே வழியாக இருந்தது. எவ்வளவு நல்ல தலை கையில் இருந்தாலும் அந்த உழைப்பைக் குறைத்திருக்க முடியாது.

தலை திரும்ப வேண்டிய கட்டாயம் சினிமாவோடு வந்தது. 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழா ஊர்வலத்தைப் படமாக்க, லண்டன் கருவி வல்லுநர் ராபர்ட் பால், நிற்கும் அச்சின் மேல் கேமராவைப் பக்கவாட்டில் சுழற்றும் தலை ஒன்றைச் செய்வித்தார். கைப்பிடியைச் சுற்றினால் திருகு வடிவப் பல்லிணை ஒன்று கேமராவை மெல்லத் திருப்பியது, சுற்றுவதை நிறுத்தினால் தனியாக எதையும் முடுக்காமலே அது நின்ற இடத்தில் நின்றது. இவ்வாறு பக்கவாட்டில் திருப்புவதைப் ‘பான்’ என்றும், மேலும் கீழும் சாய்ப்பதை ‘டில்ட்’ என்றும் பிற்காலத்தார் வழங்கினர். பல்லிணையின் மெதுவான சுழற்சி போதாத இடங்களுக்கு, பாகுத்தன்மை மிக்க திரவத்தின் உராய்வால் அசைவைச் சீராக்கும் ‘ஃப்ளூயிட் ஹெட்’ வந்தது. ஆஸ்திரேலியாவின் எரிக் மில்லர் 1940களில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நிழற்படத்தின் தேவை வேறு திசையில் சென்றது. 1925இல் சந்தைக்கு வந்த லைகாவும் அதைப் பின்பற்றிய 35 மில்லிமீட்டர் கேமராக்களும் உள்ளங்கைக்கு அடங்கியவையாதலால், ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு கைப்பிடி வைத்த கனத்த தலைகள் அவற்றுக்குப் பொருந்தவில்லை. குழிவில் உட்கார்ந்த ஓர் உருண்டையும் அதை நெருக்கும் ஒரு திருகும் மட்டுமே கொண்ட ‘பால் ஹெட்’ பரவியது. அது சிறியது, எல்லாத் திசையிலும் திரும்புவது. ஆனால் திருகைத் தளர்த்திய கணத்தில் எல்லாத் திசைகளும் ஒருசேர விடுபட்டுவிடும். ஒரு கை திருகிலும் மறு கை கேமராவிலும் இல்லாவிட்டால், கனமான லென்ஸ் தலைகுப்புறச் சாய்ந்து ட்ரைபாட் காலில் மோதும்.

விரலால் இழுக்கும் விசை இதற்கிடையே கேமராவின் பக்கத்தில் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. லண்டனில் தாமஸ் ஸ்கைஃப் 1850களின் இறுதியில் செய்த சிறு கேமராவுக்குப் ‘பிஸ்டல்கிராஃப்’ என்றே பெயர். எத்தியென்-ஜூல் மாரே 1882இல் பறவைகளின் பறத்தலை ஆராயச் செய்த ‘புகைப்படத் துப்பாக்கி’ நொடிக்கு 12 படங்களைப் பிடித்தது. 1960களில் சோவியத் ஒன்றியம் விற்ற ‘ஃபோட்டோஸ்னைப்பர்’ தொகுப்பிலோ, நீண்ட லென்ஸும் தோள்கட்டையும் விசையும் ஒருங்கே இருந்தன. இவை அனைத்திலும் விசை இயக்கியது ஷட்டரை. பூட்டைத் திறப்பதற்கு அதைப் பயன்படுத்தியதே பிஸ்டல் கிரிப் தலை செய்த மாற்றம், அதுவும் தலைகீழ் மாற்றம்.

இவ்வகையைப் பரவலாக அறிமுகப்படுத்தியவற்றுள் முதன்மையானது, இத்தாலியின் பஸ்ஸானோ தெல் கிராப்பா நகரில் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்த லினோ மன்ஃப்ரோட்டோ 1972இல் தொடங்கிய நிறுவனத்தின் 222 என்ற தலை. அமெரிக்காவில் அது போகன் 3265 என்ற எண்ணில் விற்பனையானது. நிமிர்ந்து நிற்கும் பிடிக்குள் ஒரு வில்சுருள் உருண்டையை எப்போதும் நெருக்கிக்கொண்டிருக்கும். விரல்கள் நெம்புகோலை அழுத்தும்போது மட்டுமே நெருக்கம் விலகும். விரலை எடுத்தால் தலை தானே பூட்டிக்கொள்ளும். பால் ஹெட்டில் பூட்டுவதற்குக் கை வேண்டியிருந்தது, இதில் திறப்பதற்கு மட்டுமே கை வேண்டும். மறதியால் கேமரா கவிழும் வாய்ப்பு அவ்வளவாக இல்லை. இத்தாலிய நிறுவனத்தை 1989இல் வாங்கிய பிரிட்டனின் வின்டன் குழுமத்தை நிறுவிய வில்லியம் வின்டன், மேலே சொன்ன ராபர்ட் பாலின் பட்டறையில் வேலை பார்த்தவர் என்பது இவ்வரலாற்றின் ஒரு வேடிக்கை.

வில்சுருளின் பலமே இதன் எல்லையும் ஆகும். விரல்களால் விலக்கத்தக்க அளவுக்கு மேல் அதை இறுக்க முடியாதாகையால், 222 தாங்கிய எடை 2.5 கிலோ மட்டுமே. கேமரா பிடியின் உச்சியில், ட்ரைபாடிலிருந்து விலகி உயரத்தில் நிற்பதால், செங்குத்துப் படத்துக்காகச் சாய்க்கும்போது எடை ஒரு பக்கம் தள்ளி விழும். ஒல்லியான கால்கள் அதை விரும்புவதில்லை. இக்குறையைக் கண்டு, பிடியைக் கிடையாகப் பக்கவாட்டில் வைத்த 322ஆம் எண் தலை பின்னர் வந்தது. உயரம் குறைந்தது, தாங்கும் எடை 5 கிலோவானது, இடக்கைக்காரரும் பயன்படுத்தும்படி பிடியை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. ஜப்பானின் ஸ்லிக் நிறுவனமும் தனக்குரிய பிஸ்டல் பிடியை விற்றது. வான்கார்டின் ஜிஎச்-300டி பிடியிலேயே ஷட்டரை இயக்கும் பொத்தானை வைத்து, பழைய விசையையும் புதிய விசையையும் ஒரே கையில் சேர்த்தது.

வாங்குபவர் அட்டையில் அச்சிட்ட எடையை மட்டும் நம்புவது போதாது. தம்மிடமுள்ள மிக நீண்ட லென்ஸை மாட்டி, சட்டகத்தைச் சரிசெய்து, விரலை எடுத்ததும் காட்சி எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கண்ணாடி வழியே பார்ப்பதே உண்மையான சோதனை. அகலக் கோண லென்ஸில் தெரியாத இந்த இறக்கம், 300 மில்லிமீட்டரில் பறவையின் தலையைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடும். உராய்வைக் கூட்டக் குறைக்கச் சிறு சக்கரம் இருந்தாலும், பக்கவாட்டில் மட்டும் தனியாகத் திருப்ப வழியில்லாத பிடிகளில் அடிவானம் எளிதில் கோணும். நடமாடும் குழந்தைகளையும் விலங்குகளையும் பின்தொடர இது போன்ற வசதி வேறில்லை. ஆனால் பூச்சிகளையும் கட்டடங்களையும் மில்லிமீட்டர் கணக்கில் சட்டகப்படுத்துவோர் இப்போதும் மன்ஃப்ரோட்டோவின் 410 போன்ற பல்லிணைத் தலைகளையே நாடுகின்றனர். குமிழைச் சுற்றினால் நகர்ந்து, நிறுத்தினால் நிற்கும் அவற்றின் பொறியமைப்பு 1897ஆம் ஆண்டுக்குரியது.