சிறிமாவோ பண்டாரநாயக்க: புத்தளக் கரையோரத்தில் ஒரு மறுமதிப்பீடு

சிறிமாவோ பண்டாரநாயக்க (17 ஏப்ரல் 1916 – 10 ஒக்டோபர் 2000) உலகின் முதல் பெண் பிரதமர். 1960–65, 1970–77, 1994–2000 என மூன்று தடவை இலங்கையின் பிரதமராக இருந்தார். இரண்டாவது ஆட்சியின் முடிவில், 1977 ஜூலைப் பொதுத் தேர்தலில், அவருடைய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 168 ஆசனங்களில் கிடைத்தவை எட்டு மட்டுமே. ஐக்கிய தேசியக் கட்சி 140 ஆசனங்களைப் பெற்றது. 18 ஆசனங்களுடன் தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியாக அமர்ந்தது. அன்று அவ்வளவு வெறுக்கப்பட்ட அந்த ஆட்சியைப் பற்றி இன்று தென்னிலங்கையில் பரிவோடு பேசுவோர் குறைவில்லை.

இந்த மனமாற்றம் எப்படி வந்தது, எங்கே வராமலே போனது என்று பார்ப்பதற்குப் புத்தளம் மாவட்டக் கரையோரம் பொருத்தமான இடம். தெற்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம் வரை கத்தோலிக்கர். நடுவே உடப்பில் தமிழ் இந்து மீனவர். வடக்கே புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஒரே கரைதான் என்றாலும் கணக்கு ஆளுக்கொன்று.

வீழ்ச்சி

1970 தேர்தலில் அவர் தலைமையிலான ஐக்கிய முன்னணி, முந்தைய அரசாங்கம் வெட்டிய இரண்டாவது கொத்துப் பங்கீட்டு அரிசியைத் திரும்பத் தருவதாகச் சொல்லி வென்றது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்த அரிசியே அதற்குப் பகையாகியது. 1973இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறின, வறட்சியும் சேர்ந்துகொண்டது, அந்நியச் செலாவணி வற்றியது. பல இறக்குமதிகள் நிறுத்தப்பட்டன. கூப்பனோடு சங்கக் கடையில் நிற்பதும், விடியுமுன்னே பாணுக்கு வரிசை பிடிப்பதும், சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு அவிப்பதும் அன்றாட வழக்கமாயின. அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகவும் அளவுக் கட்டுப்பாடு இருந்தது. வீதித் தடைகளில் பயணிகளின் பைகள் கிளறப்பட்டன. பசியை விட அந்தச் சோதனைதான் மக்களை அதிகம் நோகச் செய்தது என்று கருத இடமுண்டு.

பசியை மட்டும் சொல்லி இந்தத் தோல்வியை விளக்கிவிட முடியாது. 1971 ஏப்ரலில் நடந்த மக்கள் விடுதலை முன்னணிக் (ஜே.வி.பி.) கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. கிளர்ச்சிக்கு முந்தைய மாதம் கொண்டுவரப்பட்ட அவசரகாலச் சட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. ஐந்து ஆண்டுகளுக்கென்று தெரிவான அரசாங்கம், 1972 அரசியலமைப்பின் துணையோடு தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. தேர்தலை இரண்டு ஆண்டுகள் பிந்திப் பெற்ற வாக்காளர் அதற்கும் சேர்த்தே கணக்குத் தீர்த்தார்கள்.

பின்வந்தவர்கள் செய்த உதவி

அவருடைய பெயர் மீளத் தொடங்கியதற்கு முதற் காரணம் அவரைத் தோற்கடித்தவர்களே. 1980 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் அவருடைய குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது. தேர்தலில் ஏற்கெனவே வீழ்ந்தவரைச் சட்டத்தாலும் வீழ்த்தியது அவருக்கு அனுதாபத்தையே தேடித் தந்தது. 1983 ஜூலை வன்முறையும் அதன் பின் வந்த போரும் ஜயவர்தனவின் ஆட்சியில் நடந்தவை. 1988 ஜனாதிபதித் தேர்தலில் சிறிமாவோ ஏறத்தாழ 45 வீத வாக்குப் பெற்று ரணசிங்க பிரேமதாசவிடம் தோற்றார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் எட்டு ஆசனங்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு இது பெரிய மீட்சி.

2022இல் இலங்கை அந்நியச் செலாவணி இல்லாமல் நின்றது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசைகள் நீண்டன. ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். அப்போது எழுபதுகளின் வரிசைகளும் பேச்சில் மீண்டும் வந்தன, முன்னைப் போல் பழியாக இல்லாமல் ஒப்பீடாக. பஞ்சத்திலும் கடனில் மூழ்காத ஆட்சி, உள்ளூர் உற்பத்தியை ஊக்கிய ஆட்சி என்ற பாராட்டு அதில் பிறந்தது. அந்தப் பாராட்டு பாதிதான் உண்மை. யாழ்ப்பாணத்தின் வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர்கள் இறக்குமதித் தடையால் செழித்தது மெய். அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்ததும் மெய்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையுண்டு. 1967இல் விருதுநகரில் தோற்ற காமராசர், பின்வந்த ஆட்சிகளோடு ஒப்பிடப்பட்டு ஒப்பிடப்பட்டே எல்லாக் கட்சியினரும் போற்றும் தலைவரானார். புதிய ஆவணம் எதுவும் கிடைத்து இத்தகைய மதிப்பீடுகள் மாறுவது அரிது. பெரும்பாலும் அடுத்து வந்தவரின் குறையே முன்னவரின் நிறையாகிறது.

கத்தோலிக்கக் கரையும் தென்னந்தோட்டமும்

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கத்தோலிக்கர்களுக்கு அவர்மேல் இருந்த கோபம் எழுபதுகளுக்கும் முந்தியது. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடியேறி மறித்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியாஸ் வந்து பேசிய பிறகே பதற்றம் தணிந்தது. அந்தக் கோபம் இன்று பெரிதும் ஆறிவிட்டது. புனிதர்களின் பெயர்களைத் தாங்கியபடியே பல பள்ளிகள் அரச பாடசாலைகளாக நடக்கின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கிறார்கள்.

இந்தக் கரையில் தமிழ் பேசிய கத்தோலிக்கர் சிங்களத்துக்கு மாறியதையும் சிலர் அவர் கணக்கில் எழுதுகிறார்கள். 1961 ஜனவரியில் தனிச் சிங்களச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர் என்ற அளவில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் சிலாப மறைமாவட்டப் பாடசாலைகளில் சிங்கள மொழிமூலக் கல்வி அவர் அரசியலுக்கு வருமுன்பே ஆயர் எட்மண்ட் பீரிஸ் காலத்தில் ஊக்குவிக்கப்பட்டது. இந்தப் பழியில் பெரும்பகுதி அவருடையதல்ல.

1972 காணிச் சீர்திருத்தம் தனியார் காணிக்கு 50 ஏக்கர், வயலுக்கு 25 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. தென்னை முக்கோணத்தின் ஒரு முனையான புத்தளம் மாவட்டத்தில் பெருந்தோட்டக்காரர்களை அது நேரடியாகத் தாக்கியது. காணி பெற்றவர்களும் இழந்தவர்களும் இன்னும் ஒரே தீர்ப்புக்கு வரவில்லை.

1976 பெப்ரவரி 2

முஸ்லிம்களோடு அவருடைய அரசாங்கத்துக்கு நல்லுறவு இருந்தது என்றே பொதுவாக எழுதப்படுகிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. (அவர் காலத்துப் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலைத் தமிழர் மறக்கவில்லை என்பது வேறு கதை.) ஆனால் அதே ஆட்சியில், 1976 தொடக்கத்தில் புத்தளத்தில் மூண்ட சிங்கள–முஸ்லிம் மோதலின்போது, பெப்ரவரி 2 அன்று பொலிசார் பெரிய பள்ளிவாசலுக்குள் சுட்டார்கள். ஏழு முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன.

அன்றைய பாராளுமன்றமான தேசிய அரசுப் பேரவையில் இதை எடுத்துப் பேசியவர் தமிழ்த் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். அரசாங்கப் பக்கத்து முஸ்லிம் உறுப்பினர்கள் வாய் திறக்கவில்லை என்ற குறை முஸ்லிம் அரசியல் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய கட்சிகளுக்குள் இருந்துகொண்டு எதையும் பெற முடியாது, தனிக் கட்சி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டதில் புத்தளத்துக்கு இடமுண்டு. 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கப்பட்டது.

அதே 1976 மார்ச்சில், பள்ளிவாசல் சூட்டுக்கு ஏழு வாரங்களின் பின், மன்னார் வளைகுடாவில் கடல் எல்லையை வகுக்கும் ஒப்பந்தம் இந்தியாவுடன் கைச்சாத்தானது. 1974இன் கச்சதீவு உடன்படிக்கையோடு சேர்த்து அதை அவருடைய இராஜதந்திர வெற்றியாக இலங்கையில் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டிலோ அது இந்திரா காந்தி விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஆகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு அவர் தலைமையில் நடந்தது. 1976 என்றால் நாட்டின் வரலாற்று நூல்கள் மாநாட்டை நினைக்கின்றன. புத்தளம் நினைப்பது பள்ளிவாசலை.

1994இல் மகள் சந்திரிகா குமாரதுங்கவின் கீழ் சிறிமாவோ மீண்டும் பிரதமரானார். அந்த அரசாங்கத்தைத் தாங்கியவற்றுள் முஸ்லிம் காங்கிரஸும் ஒன்று; அதன் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் அமைச்சரானார். அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். ஒரு மாதம் நிரம்புமுன் ஒக்டோபர் 10இல், பொதுத் தேர்தலில் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் சிறிமாவோ காலமானார்.

எழுபதுகளின் பசியைப் பின்வந்த பஞ்சங்கள் சிறிதாக்கிவிட்டன. புத்தளத்துச் சூட்டை அப்படிச் சிறிதாக்க முடியாது. அவரைப் புகழும் புதிய எழுத்துகள் அதைத் தொடாமல் கடந்து போகும் வரை அந்த மறுமதிப்பீடு அரைகுறையானது.