வல்லூறுகளைக் காத்த கிராம சபை

ஊனுண்ணி என்றால் நமக்குப் புலியும் சிறுத்தையும்தான் நினைவுக்கு வரும். மதுரைச் சமவெளியில் அவற்றின் வேலையைச் செய்பவை வேட்டைப் பறவைகள். மேலூருக்கு அருகே அரிட்டாபட்டிக் குன்றுகளில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் வாழ்கின்றன. பாறை முகட்டில் கூடு. கீழே கண்மாய்க் கரையிலும் வயல்வெளியிலும் வேட்டை. சிறு பறவை, எலி, ஓணான் பெருகி மிகாமல் பார்த்துக்கொள்பவை இவைதான். வயலில் தெளிக்கும் நஞ்சு இரை வழியாக ஏறி, கடைசியில் இவற்றின் உடலில்தான் சேரும். அதனால் வல்லூறு நிலைத்து வாழும் ஊரில் மண்ணும் நீரும் இன்னும் கெடவில்லை என்று நம்பலாம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.215 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானது. சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கித் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போது, இதே மேலூர் வட்டத்தின் இன்னொரு வரலாற்றையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்களை ஆதிக்க சாதியினர் மிரட்டினார்கள், தேர்தல் தள்ளிப்போனது. அத்தனையையும் மீறி வென்றவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து திரும்பிய பேருந்திலேயே அவரும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

வல்லூறு பற்றிப் பேசும் இடத்தில் மேலவளவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலை, கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் பொதுச் சொத்து. சொந்த நிலம் இல்லாதவரின் ஆடும் அங்கேதான் மேயும். வல்லூறும் அங்கேதான் இரை தேடும். அந்தப் பொதுவின் மீது முடிவெடுக்கும் இடம் ஊராட்சி. முருகேசன் உயிரைக் கொடுத்தது வெறும் நாற்காலிக்காக அல்ல, அந்த உரிமைக்காக. 2024இல் சுரங்கத்தை எதிர்த்து நின்றதும் அதே உரிமைதான்.

காட்டுயிர்ப் பாதுகாப்பு நமக்குச் சம்பந்தமில்லாத மேட்டுக்குடி விஷயம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கினால், பொது நிலத்தைக் காப்பது யார், யாருக்காகக் காப்பது என்பதை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிகள் அதன் நியமன உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் சேரியிலிருந்து யார் இருக்கிறார்?