‘நான் யார்?’ என்று கேட்கும் கணினி: வலைவழித் தொடக்கத்தின் ஒரு சிறு வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆய்வகத்தில் 40 கணினிகளுக்கு ஒரே இரவில் லினக்ஸ் நிறுவும் பணி என்னிடம் வந்தது. குறுந்தகடோ பென் டிரைவோ இல்லாமல், ஒவ்வொரு கணினியும் வலையமைப்பின் வழியே தொடங்கி, இயங்குதளத்தை வழங்கியிலிருந்து தானே பெற்று நிறுவிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வரிசை முடிந்தது. இரண்டாம் வரிசையில் ஒன்றுகூட எழவில்லை. நள்ளிரவு வரை வழங்கியைக் குடைந்த பிறகு, காரணம் மேசைக்கடியில் அகப்பட்டது. கைப்பேசிக்கு வைஃபை வேண்டி யாரோ அந்த வரிசையின் ஸ்விட்சில் ஒரு சிறிய ரவுட்டரைச் செருகியிருந்தார். எங்கள் வழங்கிக்கு முன்பாக அது பதில் சொல்ல, அந்தப் பழைய கணினிகளும் முதலில் வந்த பதிலை ஏற்றுக்கொண்டுவிட்டன.

பதில் சொல்பவர் யாரென்று கேளாமலே ஒரு கணினி ஏன் நம்புகிறது? இதைப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

1980களின் தொடக்கத்தில் வன்தட்டின் விலை மிக அதிகம். இரைச்சலும் பராமரிப்பும் வேறு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினி என்பது கைகூடத் தொடங்கியிருந்தது; ஒவ்வொன்றுக்கும் ஒரு வன்தட்டு என்பது கைகூடவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டனும் வில்லி ஸ்வானபுலும் 1983இல் வெளியிட்ட ஆய்வுரை, வட்டில்லாக் கணினிகள் தம் கோப்புகளை வலையமைப்பின் வழியே பெற்று, பெரிய வேக இழப்பின்றி இயங்க முடியும் என்று காட்டியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமும் அத்தகைய கணினிகளை விற்றது.

வட்டில்லாக் கணினிக்கு நினைவென்று ஒன்றும் இல்லை. மின்சாரம் வந்ததும் அது அறிவது, ஈதர்நெட் அட்டையில் பொறிக்கப்பட்ட வன்பொருள் முகவரி ஒன்றை மட்டுமே. தன் இணைய முகவரி தெரியாது. எந்தக் கோப்பை யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. ஆகவே அது வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி, ‘நான் யார்?’ என்று குரல் கொடுக்கிறது. 1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நால்வர் எழுதிய ஆர்.எஃப்.சி. 903, இக்கேள்விக்கு ஆர்.ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறையை வகுத்தது. அதற்கு இரு குறைகள் இருந்தன. முகவரியைத் தவிர வேறெதையும் அது சொல்லவில்லை. ஈதர்நெட் அடுக்கிலேயே இயங்கியதால் ரவுட்டரைத் தாண்டவும் இயலவில்லை. ஒவ்வொரு வலைத்துண்டிலும் பதில் சொல்ல ஒரு வழங்கி தேவைப்பட்டது.

1985 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 951 இவ்விரண்டையும் தீர்த்தது. ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் நிறுவனத்தின் ஜான் கில்மோரும் எழுதிய இந்த ஆவணம் வகுத்த நெறிமுறைக்குப் பூட்பி என்று பெயர். கணினியின் முகவரி, வழங்கியின் முகவரி, இறக்க வேண்டிய கோப்பின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே பதிலில் வந்துவிடும். இடையில் ஒரு முகவர் நின்று கேள்வியை அடுத்த வலைத்துண்டுக்குக் கடத்தவும் வழி செய்யப்பட்டது.

அந்த ஆவணத்தில் என்னை நிறுத்திய ஓர் இடம் உண்டு. மின்தடைக்குப் பின் ஒரே கம்பியில் 100 கணினிகள் ஒருசேர விழித்தெழுவதை ஆசிரியர்கள் கற்பனை செய்கிறார்கள். அத்தனையும் ஒரே நொடியில் கூவினால் வலையமைப்பு திணறும். ஆகவே பதில் வராவிட்டால், தற்செயலாகத் தேர்ந்த சிறிது நேரம் பொறுத்துக் கேட்க வேண்டும். அடுத்த முறை அதனினும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். மின்தடையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்களுக்கு, பொய்ப்பதில் சொல்லும் ஒருவன் பெரிய கவலையாக இல்லை. அந்தக் கம்பியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சக ஊழியர்கள் என்பதே அவ்வடிவமைப்பின் சொல்லப்படாத அடிப்படை என்று நான் வாசிக்கிறேன்.

கோப்பைக் கொண்டுவரும் வேலை டி.எஃப்.டி.பி. என்னும் நெறிமுறைக்கு. எம்.ஐ.டி.யின் கேரன் சாலின்ஸ் 1981இல் அதை ஆர்.எஃப்.சி. 783ஆக எழுதினார். 512 பைட்டு கொண்ட ஒரு துண்டை அனுப்பி, ‘பெற்றேன்’ என்ற பதில் வந்த பின்பே அடுத்ததை அனுப்பும் எளிய முறை அது. கடவுச்சொல் இல்லை, பயனர் பெயரும் இல்லை. ஒரு சிறிய ரோம் சில்லுக்குள் அடங்க வேண்டிய நிரலுக்கு அந்த எளிமையே தகுதியாயிற்று. இன்றும் வலைவழி நிறுவலில் பெரும்பாலும் தொடக்க நிரலும் கெர்னலும் மட்டுமே இவ்வழி வருகின்றன, பெருங்கோப்புகள் எச்.டி.டி.பி., என்.எஃப்.எஸ். போன்ற வேகமான பாதைகளில் பின்தொடர்கின்றன.

1990களில் வன்தட்டு மலிந்தது. வட்டில்லாக் கணினியின் தேவை சுருங்கியது. வலைவழித் தொடக்கமோ புதிய வேலைக்கு மாறியது. வலையில் வாழ்வதற்கான வழியாக இருந்தது, இப்போது வட்டில் இயங்குதளத்தை நிறுவுவதற்கான வழியாயிற்று. ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதி 1993இல் வெளிவந்த டி.எச்.சி.பி., பூட்பியின் பொதி அமைப்பையே எடுத்துக்கொண்டு, முகவரியைக் குறித்த காலத்துக்கு மட்டும் வழங்கும் முறையைச் சேர்த்தது. இன்டெல் முன்னெடுத்த பி.எக்ஸ்.இ. வரையறையின் 2.1ஆம் பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது, டி.எச்.சி.பி.யையும் டி.எஃப்.டி.பி.யையும் பிணைத்து, சாதாரண மேசைக்கணினிகளின் பொதுவழக்காக வலைவழித் தொடக்கத்தை ஆக்கியது அதுவே. சன் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்டார்ட், ரெட் ஹேட்டின் கிக்ஸ்டார்ட், மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000உடன் தந்த தொலைநிறுவல் சேவை ஆகியன, கேள்விகளுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதிவைத்து ஆளில்லாமல் நிறுவும் முறையைப் பரப்பின.

பயன் மாறியபோது நம்பிக்கையின் விலையும் மாறியது. வட்டில்லாக் கணினி தவறான பதிலை நம்பினால், அணைத்து மறுபடி தொடங்கினால் தீர்ந்தது. நிறுவலின்போது நம்பினால், அந்நியன் தந்த இயங்குதளம் வட்டில் குடியேறிவிடும். டி.எச்.சி.பி. பாதுகாப்பற்றது என்று 1997இல் வந்த அதன் திருத்திய ஆவணமான ஆர்.எஃப்.சி. 2131 தானே ஒப்புக்கொள்கிறது. 2001இல் அதற்கு ஓர் அடையாளச் சரிபார்ப்பு முறை வகுக்கப்பட்டும், அது பரவலாக வழக்கத்துக்கு வரவில்லை. பழைய அடித்தளத்தின் மேல் பலர் வீடு கட்டிய பின் அதை அசைப்பது எளிதன்று.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. பதில் சொல்பவரைச் சோதிப்பதற்கு மாறாக, வந்து சேர்ந்த நிரலில் உள்ள கையொப்பத்தைச் சோதிக்கிறது யு.இ.எஃப்.ஐ.யின் செக்யூர் பூட். 2015இல் வெளியான யு.இ.எஃப்.ஐ. 2.5, தொடக்கக் கோப்பை எச்.டி.டி.பி. வழியே பெறவும் இடமளித்தது. ஆயினும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகள் தொழிற்சாலையிலேயே கணினிக்குள் பதிக்கப்படுகின்றன. பெரும்பாலான மேசைக்கணினிகளில் அவை மைக்ரோசாஃப்டின் சாவிகள். பல லினக்ஸ் வழங்கல்களும் அந்நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற ஒரு சிறுநிரலின் துணையோடுதான் அங்கே தொடங்குகின்றன. பயனர் விரும்பினால் தம் சாவியைச் சேர்க்கலாம், செய்பவர் சிலரே. ஆக, நம்பிக்கை ஒழியவில்லை. அறையிலிருந்த சக ஊழியரிடமிருந்து தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பூட்பியை எழுதிய இருவருள் ஒருவரான கில்மோர், 1990இல் எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்னும் இணைய உரிமை அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

கணினி வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்.எஃப்.சி.களைத் தொழில்நுட்பக் குறிப்புகளாக மட்டும் புரட்டாதீர்கள். அவற்றை எழுதியவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதற்கு அஞ்சவில்லை என்று தேடி வாசியுங்கள். 100 கணினிகளைப் பற்றிய அந்தப் பத்தியை வாசித்த பிறகுதான், மேசைக்கடியில் கிடந்த ரவுட்டரின் கதை எனக்கு முழுதாக விளங்கியது.