விறகில் மறைந்திருக்கும் நீர்

நான் சிறுவனாயிருந்த நாளில், ஐப்பசி அடைமழையிலும் விறகுத் தொட்டிக்குச் செல்லும் வேலை என்னுடையதே. தராசில் ஏறும் சவுக்குக் கட்டைகளிலிருந்து நீர் சொட்டும். தொட்டிக்காரர் அதையும் சேர்த்தே எடை போடுவார். வீட்டிலோ அடுப்பு புகையுமேயன்றி எரியாது. ஊதுகுழலும் கையுமாக இருமிக்கொண்டே அன்னை கேட்பார்: “விறகுக்குக் காசு கொடுத்தாயா, தண்ணீருக்குக் கொடுத்தாயா?” அக்கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை.

நாட்டின் வரலாற்றிலும் அக்கேள்வி சிறியதன்று. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தமையால், தென்னாட்டு எஞ்சின்கள் பல நெடுங்காலம் விறகையே உண்டன. அதே 1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் என்னும் மருத்துவர் அமர்த்தப்பட்டார். தண்டவாளத்தின் அடியில் இடும் கட்டைகளுக்காகவும் விறகுக்காகவும் காடுகள் அழிவது அவருக்குப் பெருங்கவலையாயிற்று. பின்னர்க் கீழைக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. பச்சையாகவே எரியும் என்று சவுக்குக்கு ஒரு புகழ் உண்டு. எரியும் என்பது மெய்யே. ஆனால் நீருக்குரிய வரியை அதுவும் செலுத்தியே தீரவேண்டும்.

அவ்வரி எவ்வளவு? முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீராயின், கிடைப்பது ஏறத்தாழ 3,500. பாதி நீராயின் 2,000-க்குச் சற்றுக் குறைவு! மரத்தின் அளவு குறைந்தது ஒரு நட்டம். இருக்கும் மரமும் தன் வெப்பத்தில் ஒரு பகுதியை நீரை ஆவியாக்கவே செலவிடுவது மற்றொரு நட்டம். ஈர விறகை எரிப்பவன் அதே சோற்றுக்கு இருமடங்குக்கும் மேலாக விறகு தேடுகிறான். எஞ்சினுக்கும் இக்கணக்கே, அங்கே அதன் சுமையைத் தாங்கியவை காடுகள்.

நீர் மரத்தில் எங்கே தங்குகிறது என்பதைத் தெளிவாக்கியவர், விறகைப் பற்றி எண்ணியவரே அல்லர். அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ஹாரி டீமன் மரத்தின் வலிமையைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஈரம் எவ்வளவோ குறைந்தும் வலிமை மாறவில்லை. ஒரு நிலைக்குக் கீழே போனதும் ஏறத் தொடங்கியது. 1906-இல் அவர் இதை வெளியிட்டார். மரம் நுண்ணிய குழல்களால் ஆனது. குழலின் உள்ளே நிற்கும் நீர் முதலில் வெளியேறும். குழலின் சுவரில் ஊறிய நீர் இறுகப் பற்றிக்கொண்டு பின்னரே வெளியேறும். உலர்ந்த மரத்தின் எடையில் 100-க்கு 25 முதல் 30 பங்கு வரை நீர் எஞ்சும்போது இந்த எல்லை வருகிறது. அதன்பின்னரே மரம் சுருங்கி வெடிக்கும். விறகின் முனையில் தோன்றும் வெடிப்பை நம் பாட்டிமார் உலர்ந்தமைக்கு அடையாளமாகக் கொண்டது எத்துணைச் சரி!

நீர் மரத்தின் நீளவாக்கில் விரைந்து செல்லும். குறுக்கே செல்வது அரிது. பட்டையோ அதைத் தடுக்கும். ஆகவே குட்டையாக அறுத்துப் பிளந்த விறகு விரைவில் உலர்கிறது. உலர்ந்தபின்னும் அது காற்றிலிருந்து ஈரத்தை ஏற்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாயின் மரத்தில் 12 பங்கு நீர் நிற்கும். 90 ஆயின் 20 பங்கு. எனவே மேலே கூரை, பக்கங்களில் காற்று, அடியில் தரையைத் தொடாத மேடை ஆகிய மூன்றும் வேண்டும். நாற்புறமும் மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது, பூசணம் பிடிக்கும். ஈரச் சிறாய்களைப் பெருங்குவியலாகக் கொட்டினாலோ நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று சூடேற்றும். சில வேளை குவியல் தானே தீப்பற்றுவதும் உண்டு.

மறு ஆண்டு அன்னை என்னைத் தொட்டிக்கு அனுப்பியது சித்திரை வெயிலில். கட்டைகளைப் பிளக்கச் செய்து, முற்றத்தில் செங்கல்மீது குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். ஆடிக்குள் அவற்றை அடுப்பின் மேலுள்ள பரணுக்கு ஏற்றினோம். அவ்வாண்டு ஐப்பசியில் ஊதுகுழல் சுவரோரம் சும்மா கிடந்தது.