எண்ணிமமாக்கல்

பழைய நில அளவைப் படத்தை ஸ்கேன் செய்து சேமித்துவிட்டு, ‘டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்’ என்கிறார்கள். அது படத்தின் நகல் மட்டுமே. ‘டிஜிட்’ என்பது விரலைக் குறிக்கும் ‘டிஜிட்டஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. விரல்விட்டு எண்ணியதால் இலக்கங்களுக்குப் பெயராகி, கணினி வந்தபின் எண்களாக மாற்றிய தரவையெல்லாம் சுட்டலாயிற்று. ‘டிஜிட்டல்’ என்பதற்குச் சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’ வழங்குகிறது. டிஜிட்டல் ஆக்கும் செயலுக்குத் தமிழகத்தில் ‘மின்னாக்கம்’, ‘எண்ணிமமாக்கல்’ இரண்டும் உண்டு. மின்னாக்கம் ஸ்கேனுக்கும் பொருந்திவிடும். நில அளவையில் வயல்களுக்குப் ‘புலப்படங்கள்’ என்னும் எல்லைப் படங்கள் உண்டு. கையால் வரைந்த அத்தகைய படங்களில் எல்லைகளின் அளவுகள் எழுதியிருக்கும். தமிழக நில அளவைத் துறை பயன்படுத்தும் ‘கொலாப்லேண்ட்’ மென்பொருளில் அந்த அளவுகளை உள்ளிட்டால் எல்லை மறுபடி உருவாகும். புவியியற்பியல் வரைபடத்துக்கும் இதுவே வழி: காந்தப்புலச் சமமதிப்புக் கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக இடமும் மதிப்பும் எண்களாக வேண்டும். ஆகவே ‘எண்ணிமமாக்கல்’தான் என் தேர்வு. ‘எண்ணு’ என்றால் கணக்கிடு, சிந்தி என இரு பொருள். பழைய படத்தின் கோடுகளை எண்ணாக்க இரண்டும் தேவை.