பெங்களூரில் உடைந்த எழுத்துகள்

1990-களில் பெங்களூரு அலுவலகங்களில் கன்னடம் தட்டச்சு செய்தபோது, கணினியில் சேமிக்கப்பட்டவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய எண்களே. ஒரு பைட்டில் 256 மதிப்புகள்தான் அடங்கும். அந்த இடங்களில் கன்னட எழுத்தின் துண்டுகளை ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்த கோப்பை இன்னொன்றின் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குப்பைதான் வரும். தமிழிலும் அன்று இதே நிலை.

பொதுத் தரம் இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991-ல் வெளியிட்ட இஸ்கி, பிராமி வழிவந்த இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அட்டவணையைத் தந்தது. தமிழ்க் ககரத்துக்கும் கன்னடக் ககரத்துக்கும் அதில் ஒரே எண். அதே ஆண்டு வெளிவந்த யூனிகோட், இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி ஒவ்வொரு இந்திய எழுத்து முறைக்கும் 128 இடங்களைத் தனியே ஒதுக்கியது. ஆனால் அச்சுக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் திரையிலும் தாளிலும் எழுத்து சரியாகத் தெரிந்தால் போதுமானதாக இருந்தது. விண்டோஸில் தமிழுக்கான யூனிகோட் ஆதரவு 2000-ல் வந்தது; கன்னடம் 2001-ல் வெளியான எக்ஸ்பி வரை காத்திருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது ‘நுடி’. கன்னட கணக பரிஷத்து உருவாக்கி, கர்நாடக அரசு ஆதரித்த இந்த மென்பொருள் கே.பி. ராவ் வகுத்த விசைப்பலகை அமைப்பைக் கொண்டது. அரசுத் துறைகள் ஒரே எழுத்துரு அட்டவணைக்கு வந்தது பெரிய சாதனை. எனினும் உள்ளே இருந்தவை பழைய ஒற்றை பைட் எண்களே. இது கன்னடம் என்று சொல்லும் அடையாளம் எதுவும் கோப்பில் இல்லை. எழுத்துருவின் பெயர் போய்விட்டால் மொழியும் போய்விடும்.

தகவல் அலுவலகத்துக்கு வெளியே பயணம் செய்யத் தொடங்கிய பிறகுதான் இதன் விலை தெரிந்தது. கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியது. பஹணி என்னும் நில உரிமைச் சான்று தாலுகா அலுவலக மையங்களில் அச்சிட்டுத் தரப்பட்டது. பயிர்க்கடன் தரும் வங்கிக்கும் அதே விவரம் வேண்டும். ஒரு கணினி இன்னொரு கணினியிடம் நேரடியாகப் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கும் முறைக்கு அப்போதுதான் வெப் சர்வீஸ் என்ற பெயர் பரவிக்கொண்டிருந்தது. அதற்கான விதிமுறைகளில் ஒன்றான சோப் 1.1 வரைவு வெளியானது 2000-ல்.

வெப் சர்வீஸில் எழுத்து பெரும்பாலும் கைமாறும் இடத்தில்தான் உடைகிறது. அனுப்புபவர் எந்த அட்டவணைப்படி பைட்டுகளை எழுதினாரோ அதே அட்டவணைப்படி பெறுபவர் படிக்க வேண்டும். அதைச் சொல்லும் குறிப்பு இரண்டு இடங்களில் வரலாம்: எச்டிடிபி தலைப்பில் ஒன்று, எக்ஸ்எம்எல் ஆவணத்தின் முதல் வரியில் இன்னொன்று. இரண்டும் முரண்பட்டால், உறையில் ஒரு முகவரியும் கடிதத்தில் வேறு முகவரியும் இருப்பது போன்ற குழப்பம்தான். 2001-ஆம் ஆண்டின் இணைய விதி ஒன்று, ‘டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்’ வகை ஆவணத்தின் தலைப்பில் குறிப்பு இல்லையென்றால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் ஆங்கில எழுத்துகளுக்கான வெறும் ஆஸ்கி அட்டவணையாகவே கொள்ளச் சொன்னது. பல மென்பொருள்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, சில பின்பற்றின. அந்த விதி 2014-ல்தான் மாற்றப்பட்டது.

பழுது பார்ப்பவருக்கு முதல் சாட்சி, உடைந்த எழுத்தின் தோற்றம். வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் தகவல் சரியாகவே இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் எழுத்து அழிந்தே விட்டது: கன்னடமோ தமிழோ இல்லாத அட்டவணைக்கு மாற்றும்போது கணினி ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் கேள்விக்குறிக்குரிய 63 என்ற எண்ணை எழுதிவிட்டது. இனி மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது தோற்றம்தான் மிகுந்த கவனத்துக்குரியது. யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் ‘அ’ 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். கன்னட அகரம் 224, 178, 133. இவற்றை விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையான 1252-இன்படி படித்தால், தலையில் சாய்கோடிட்ட பிரெஞ்சு ‘ஏ’ முதலில் வரும். அடுத்து தமிழுக்கு வட்டத்துக்குள் ‘ஆர்’, கன்னடத்துக்கு மேலே ஏறிய சிறு 2. மூன்றாவதாக முப்புள்ளி. இந்த முத்திரையைப் பார்த்ததுமே, தகவல் யூடிஎஃப்-8 என்பதும் படித்தவர் வேறு அட்டவணையை எடுத்தார் என்பதும் தெரிந்துவிடும். தலைகீழாக மாற்றினால் எழுத்து திரும்பிவிடும்.

எப்போதும் முழுதாகத் திரும்பாது என்பதுதான் வேதனை. அந்த 1252 அட்டவணையில் 129, 141 உள்ளிட்ட ஐந்து இடங்கள் காலி. தமிழ்ப் புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியின் கடைசி பைட் 129. கன்னடத்திலும் அதே குறிகளுக்கு அதே எண்கள்தான். ஜாவா போன்ற மொழிகள் அந்தக் காலி இடத்தைப் படிக்கும்போது ‘புரியாத எழுத்து’ என்ற பொதுக் குறியை வைத்துவிடும். பழைய எண் தொலைந்துவிடும். ‘பெங்களூரு’ என்ற தமிழ்ச் சொல்லின் 27 பைட்டுகளில் ஙகரப் புள்ளியிலும் இறுதி உகரத்திலும் ஒவ்வொரு பைட் போகும். கன்னடத்தில் எழுதிய அதே பெயரின் 24 பைட்டுகளில் கடைசி ஒன்று மட்டும் போகும்.

அட்டவணை மாறிப்போகும் இத்தவறுக்கு நெடுங்காலம் வழிவகுத்தது ஒரு மௌனமான வழக்கம். அட்டவணையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் ஜாவா அந்தந்தக் கணினியின் இயல்பு அட்டவணையை எடுத்துக்கொண்டது. புரோகிராமரின் விண்டோஸ் மடிக்கணினியில் ஒன்று, லினக்ஸ் சர்வரில் இன்னொன்று. மேசையில் சரியாக ஓடிய நிரல் சர்வரில் கேள்விக்குறிகளைக் கொட்டியது இப்படித்தான். 2022-ல் வந்த ஜாவா 18-தான் யூடிஎஃப்-8-ஐ எங்கும் இயல்பாக்கியது. தகவல் பரிமாறப் பயன்படும் ஜேசன் வடிவத்துக்கோ 2017-ஆம் ஆண்டின் விதி, பொதுவெளிப் பரிமாற்றத்தில் யூடிஎஃப்-8 மட்டுமே என்று அறுதியிட்டது.

அரசுகளும் மெல்ல மாறின. தமிழ்நாடு 1999-ல் டாப், டாம் குறியாக்கங்களை ஏற்று, 2010-ல் யூனிகோடுக்கும் டேஸ் 16 என்ற குறியாக்கத்துக்கும் வந்தது. கர்நாடகம் 2012-ல் யூனிகோடைத் தரமாக்கியது. அதோடு பழைய நுடிக் கோப்புகளை மாற்றும் வேலையும் தேவையாயிற்று. வெறும் எண் மாற்றம் இதற்குப் போதாது. ‘கர்நாடக’ என்பதைக் கன்னடத்தில் எழுதும்போது ரகர ஒற்று ‘நா’வுக்குப் பின்னால் கொக்கியாக நிற்கும். நுடியும் அந்த வரிசையிலேயே சேமித்தது. யூனிகோடில் ஒலிக்கும் வரிசைப்படி ரகரம் முன்னால் வர வேண்டும். மாற்றி மென்பொருள் கொக்கியைக் கண்டுபிடித்து, மெய்யைத் தாண்டி முன்னே நகர்த்த வேண்டும். கோப்பின் நடுவே ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் கன்னடமாகிவிடும் ஆபத்து உண்டு. எழுத்துருப் பெயரைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு சிக்கல் நிற்கிறது. தமிழ் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். கன்னட ஒகரக் குறிக்கும் இரு வழிகள் உண்டு. திரையில் வேறுபாடே தெரியாது, தேடலில் இரண்டும் வெவ்வேறு பெயர்கள். பெயர்களை ஒப்பிடும் எந்தச் சேவையும், ஒப்பிடுவதற்கு முன் இரு தரப்பையும் யூனிகோட் வகுத்த ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பினால், எழுத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இரண்டு பதிவுகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.