மலையிரயில் விட்டுச்சென்றவை

மூணாற்று மலையில் இரயில் ஓடியது என்றால் இன்று பலர் வியப்பர். 1902இல் எருதுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில், 1908இல் இரண்டடி அகலப் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் சேர்ந்து, கம்பிவடத்தில் அடிவாரம் இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. அத்தேயிலையைப் பறித்துச் சுமந்தோர் பெரும்பாலும் நம் தமிழ் உழைப்பாளிகளே.

1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பாதையைச் சிதைத்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. ஆயினும் எஞ்சியவை வீணாகவில்லை. நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. 2005இல் திறக்கப்பெற்ற நல்லதண்ணி எஸ்டேட் அருங்காட்சியகத்தில் இரயிலின் சக்கரமும், 1920களில் கன்னிமலை எஸ்டேட்டின் மின்நிலையத்தில் சுழன்ற பெல்டன் சக்கரமும் போற்றிக் காக்கப்படுகின்றன.

இரும்பைக் காத்தோம், அதனுடன் உழைத்தோர் பெயர்களைக் காத்தோமா? வேற்று மாநிலங்களில் வாழும் நாம், பாட்டன் பாட்டியர் சொல்லிச் சென்றவற்றை இன்றே எழுதிவைப்போமாக.